ராஜாவுக்குப் பிடித்த பேரிக்காய்

அன்புள்ள ஐயா,

ஜெர்மன் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். ‘மகிழ்கிறேன்’ என்பதை ‘இஷ் ஃப்ரொயெ மிஷ்’, அதாவது ‘நான் என்னை மகிழ்விக்கிறேன்’ என்கிறார்கள். ஆங்கிலத்தின் ‘ஐ ஆம் சர்ப்ரைஸ்ட்’ செயப்பாட்டுவினை. ஸ்பானிஷ் படிக்கும் தோழியோ ‘மே குஸ்தா’ என்று நம்மைப் போல ‘எனக்குப் பிடிக்கிறது’ என்கிறாள். ஆங்கிலேயர் ‘நான்’ என்று முன்னால் நிற்பவர்கள், ஸ்பானியர் உணர்ச்சிக்கு ஆட்படுபவர்கள், அதுதான் காரணம் என்கிறார் எங்கள் ஆசிரியர். சரிதானா?

க.

அன்புள்ள க.,

இல்லை. இலக்கணத்தை வைத்து ஓர் இனத்தின் மனசைப் படிப்பதை நான் ஏற்பதில்லை. மொழி வரலாறே அதற்கு எதிராக இருக்கிறது.

‘பிடிக்கிறது’ என்பதற்கான ஆங்கில ‘லைக்’கின் பழைய வடிவம் ‘லீக்கியன்’. அது நான்காம் வேற்றுமையோடுதான் வந்தது. டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பெர்சன் இதைக் காட்ட ஒரு பழைய ஆங்கில வாக்கியம் அமைத்தார்: ‘ராஜாவுக்குப் பேரிக்காய்கள் பிடித்தன’. வினை பன்மையில் இருப்பதைப் பாருங்கள், எழுவாய் பேரிக்காய்கள்தான். அப்புறம் உருபுகள் தேய்ந்து உதிர்ந்தன, முதலில் நிற்பதே எழுவாய் என்ற வழக்கம் இறுகியது. ராஜா நின்ற இடத்திலேயே எழுவாய் ஆகிவிட்டார். ஒரு சொல்கூட இடம் மாறவில்லை.

ஸ்பானிஷ் நேர் எதிர்த்திசையில் போனது. லத்தீன் ‘குஸ்தாரே’ என்றால் சுவைப்பது, சுவைப்பவரே எழுவாய். பழைய ஸ்பானிஷிலும் ‘நான் விரும்புகிறேன்’ என்ற பாங்கில் ‘குஸ்தோ தே’ என்றார்கள். ‘மே குஸ்தா’ ஓங்கியது பிற்பாடுதான். உங்கள் ஆசிரியர் சொல்வது சரியென்றால், இரண்டு இனங்களும் இடையில் சுபாவத்தையே மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

இனி உங்கள் ‘மிஷ்’. ‘தாஸ் எர்கர்ட் மிஷ்’ என்றால் அது என்னை எரிச்சல்படுத்துகிறது. எரிச்சல்படுபவரை எழுவாயாக்க ‘இஷ் எர்கரெ மிஷ்’. பிரெஞ்சிலும் இப்படித்தான்: ‘சா மெத்தோன்’, அது என்னை வியக்கவைக்கிறது, ‘ஜ மெத்தோன்’, நான் வியக்கிறேன். இங்கெல்லாம் யாரும் தன்னைத்தானே எதுவும் செய்துகொள்வதில்லை. பிறவினையைத் தன்வினையாக்கும் குறி அது, அவ்வளவுதான். நாம் ‘வருத்து’, ‘வருந்து’ என்று ஓர் எழுத்தை மாற்றி முடித்துவிடுகிற வேலை! படர்க்கையில் ‘மிஷ்’ஷின் இடத்தில் வரும் ‘ஸிஷ்’ (‘தன்னை’) போன்ற குட்டிச்சொல் பழைய ஆங்கிலத்திலேயே கிடையாது. இன்று அங்கே பெரும்பாலும் செயப்பாட்டுவினை வடிவம் அந்த வேலையைப் பார்க்கிறது.

ஐஸ்லாந்தில் இந்த மாதிரி மாற்றம் இப்போதும் நடக்கிறது. ஆசையைச் சொல்லும் வினைக்கு ‘என்னை’தான் முறை, பலர் ‘எனக்கு’ போடுகிறார்கள். ‘நான்காம் வேற்றுமை நோய்’ என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். எனக்கு அது நோயாகத் தெரியவில்லை, உயிரோடிருக்கும் மொழி செய்கிற காரியம்தான்.

வகுப்பில் வினையைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். ‘எஸ் கெஃபெல்ட் மிர்’ (அது எனக்குப் பிடிக்கிறது), ‘எஸ் ஃப்ரொய்ட் மிஷ்’ (அது என்னை மகிழ்விக்கிறது) என்று ‘மிர்’, ‘மிஷ்’ சேர்த்தே படியுங்கள்.