பிரேக் ஆயில் டப்பாவை எங்கே, எப்படி மாட்டுவது?

கேள்வி: அண்ணா, எங்கள் தோப்புக்குள் ஓட்டுவதற்காக நானும் என் தம்பியும் பைப் சட்டத்தில் ஒரு சின்னக் கார் கட்டுகிறோம். என்ஜின், பிரேக் எல்லாம் பழைய மாருதி 800-இல் எடுத்தவை. பெடலைத் தரையோடு வைத்ததால், மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் தாழ்ந்துவிட்டது. அதன் தலையில் ஆயில் டப்பா உட்கார இடமில்லை. டப்பாவை மட்டும் கழற்றி, எக்ஸாஸ்டுக்கு ஒரு சாண் மேலே உள்ள பைப்பில் பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டி, பெட்ரோல் ஹோஸில் இணைத்திருக்கிறோம். டப்பாவில் பிரஷர் இல்லையே, இது போதும்தானே? (ஒரு வாசகர், பொள்ளாச்சி)

பதில்: போதாது தம்பி. வண்டியை இன்னும் ஓட்டவில்லை என்றால், இதை மாற்றும்வரை ஓட்டவே வேண்டாம்.

டப்பாவில் பிரஷர் இல்லை என்பது சரிதான். அதனால்தான் பலரும் அதைக் கடைசியில், மிச்சமிருக்கும் இடத்தில் மாட்டுகிறார்கள். ஆனால் அது காலியானால் மாஸ்டர் சிலிண்டருக்குள் காற்று போகும், பெடல் நேராகத் தரையைத் தொடும்.

முதலில் இடத்தை மாற்றுங்கள். பிரேக் ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டினால் தீப்பிடிக்கும். எக்ஸாஸ்ட் இல்லாத பக்கமாக, என்ஜினுக்கும் உங்கள் காலுக்கும் நடுவில் உள்ள தடுப்புத் தகட்டுக்கு முன்புறம் வையுங்கள். மூடியைத் திறக்கக் கை போக வேண்டும், ஆயில் மட்டம் கண்ணில் பட வேண்டும். முன் பம்பரை ஒட்டி வைக்காதீர்கள். ஒரு தென்னையில் லேசாக இடித்தாலும் முதலில் உடைவது அதுதான்.

அடுத்தது உயரம். இங்கேதான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். டப்பாவின் அடி, மாஸ்டர் சிலிண்டரைவிட மட்டுமல்ல, சக்கரத்தில் பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர்களைவிடவும் மேலே இருக்க வேண்டும். உங்கள் மாஸ்டர் சிலிண்டர் தரையோடு இருப்பதால் இது ரொம்ப முக்கியம். டப்பாவும் தாழ்ந்துவிட்டால், காலை எடுத்ததும் காலிப்பரில் உள்ள ஆயில் மெல்லப் பின்னால் இறங்கும், அடுத்த முறை பெடல் ஆழமாகப் போகும். உயரம் கிடைக்கவே இல்லையென்றால் ஆயில் பின்னால் இறங்காமல் லைனில் கொஞ்சம் பிரஷரைப் பிடித்து வைக்கும் ரெசிடுவல் வால்வு போட வேண்டும்: டிஸ்க்குக்கு 2 பி.எஸ்.ஐ., டிரம்முக்கு 10 பி.எஸ்.ஐ. நான் உயரத்தைத்தான் தேடுவேன்.

டப்பாவிலிருந்து ஹோஸ் இறங்கிக்கொண்டே வர வேண்டும். நடுவில் எங்காவது மேலேறி இறங்கினால் அந்த வளைவில் காற்று தங்கிவிடும், எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சு போலவே இருக்கும். பெட்ரோல் ஹோஸ் இதற்கு ஆகாது. பிரேக் ஆயிலுக்கென்றே விற்கும் இ.பி.டி.எம். ரப்பர் ஹோஸ் கேட்டு வாங்குங்கள். உங்களுடையது இரண்டு தனித்தனி லைனுக்கு ஆயில் தள்ளும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர், ஆகவே இரண்டு ஹோஸ் வரும். டப்பாவின் உள்ளே நடுத்தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால்தான் ஒரு சுற்று ஒழுகினாலும் மற்றதற்கு ஆயில் மிஞ்சும். ஹோஸ் முனைகளில் சரியான அளவுக் கிளிப் போடுங்கள், பைண்டிங் கம்பி வேண்டாம்.

இடம் போதவில்லை என்று பைக்கின் பின் டிஸ்க் டப்பாவை மாட்டுகிறவர்களும் உண்டு. அது ஒரே ஒரு காலிப்பருக்கான அளவு. ஒரு கணக்கு சொல்கிறேன். காலிப்பர் பிஸ்டன் 48 மி.மீ. என்றால் அதன் பரப்பு சுமார் 18 சதுர செ.மீ. இரண்டு பேடும் ஆளுக்கு 8 மி.மீ. தேய்ந்தால் பிஸ்டன் 16 மி.மீ. வெளியே வரும். சக்கரத்துக்கு 29 சி.சி., முன் சக்கரம் இரண்டுக்கும் 58 சி.சி. இவ்வளவும் டப்பாவில் இருந்துதான் இறங்கும். மாருதி டப்பாவையே வைத்துக்கொள்ளுங்கள்.

டேக் வேண்டவே வேண்டாம். என்ஜின் சூட்டில் அது மொறுமொறுத்து அறுந்துவிடும். மெல்லிய தகடும் ஆகாது. என் பட்டறைக்கு வந்த ஒரு ஜீப்பில் ஒரு மி.மீ. தகட்டை எல் போல வளைத்து டப்பாவை நுனியில் வைத்திருந்தார்கள். அதிர்ந்து அதிர்ந்து மடிப்பிலேயே விரிசல் விட்டு, டப்பா ஹோஸில் தொங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் 2 மி.மீ. தகடு எடுத்து, மடிப்பில் முக்கோணத் துண்டு ஒன்றை வெல்டு செய்யுங்கள். சட்டத்துப் பைப்பில் இரண்டு 6 மி.மீ. போல்ட், அதிர்விலும் கழலாத நைலாக் நட். டப்பாவுக்கும் தகட்டுக்கும் நடுவில் ரப்பர் வாஷர். என்ஜினில் எதையும் பிடிக்காதீர்கள், அது தனியாக ஆடும்.

மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபடக் கூடாது. ஆயிலை மேல் கோட்டுக்கு மேலே ஊற்றவும் கூடாது. சூடேறி விரியும் ஆயிலுக்கு இடம் இல்லையென்றால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

எல்லாம் முடிந்து ஏர் எடுத்த பிறகு, இணைப்புகளைத் துடைத்து அடியில் வெள்ளைத் தாள் விரித்து ஓர் இரவு விடுங்கள். சட்டத்தில் ஆயில் சிந்தியிருந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்ட் உரிந்துவிடும். அப்புறம் தோப்புக்குள் மெதுவாக ஓட்டி, ஓங்கி மிதித்துப் பாருங்கள். கோவை செட்டிப்பாளையம் கரி ரேஸ் ட்ராக்கில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியில், நாலு சக்கரமும் லாக் ஆவதைக் காட்டினால்தான் கல்லூரிப் பிள்ளைகளின் காரை ஓடவே விடுவார்கள். அதே சோதனையை நீங்களும் செய்யுங்கள்.

கேள்வி: டாட் 3 பிரேக் ஆயில் உள்ள வண்டியில் டாட் 4 ஊற்றலாமா? (ஒரு வாசகி, திருப்பூர்)

பதில்: ஊற்றலாம் அம்மா. டாட் 3, 4, 5.1 மூன்றும் ஒரே வகை. டாட் 5 மட்டும் சிலிகான், அதைக் கலக்கக் கூடாது. புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, டாட் 4 என்றால் 230. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்த பிறகு டாட் 3-க்கு அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். அதனால் பழையதன் மேலேயே ஊற்றாமல், முழுவதையும் வெளியேற்றிவிட்டுப் புதிது நிரப்புங்கள். பாதி மீந்த டின்னை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்காதீர்கள், சின்ன டின்னாகக் கேட்டு வாங்குங்கள்.