இடது லைற் மட்டும் ஏன் மங்குகிறது?

கேள்வி: என் பழைய ஜப்பான் காரில் இடப்பக்க ஹெட்லைற் மட்டும் மஞ்சளாக மங்கி எரிகிறது. இரண்டு தரம் பல்ப் மாற்றிவிட்டேன், பியூசும் நல்லது. லோ பீம் போட்டால் டாஷ்போர்டில் ஹை பீமுக்குரிய நீல லைற்றும் மெல்லிதாகத் தெரிகிறது. கராஜில் பிளக்கைக் கழற்றி மீற்றர் வைத்துப் பார்த்துவிட்டு, “12 வோல்ட் வருகுது, வயரிங் சரி” என்கிறார்கள். 100 வாட் பல்ப் போடலாமா? (காரைநகர் வாசகர்)

பதில்: விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள், அந்த நீல லைற்றைத்தான் சொல்கிறேன். உங்களுக்குப் போனது ஏர்த், அதாவது பல்புக்குள் வந்த மின்சாரம் காரின் தகரம் வழியாகப் பற்றறி மைனஸுக்குத் திரும்பும் வழி.

எச்-4 வகை ஹெட்லைற் பல்பில் லோ, ஹை என்று இரண்டு இழைகள் உண்டு. உங்கள் காரில் இரண்டுக்கும் ஏர்த் ஒன்றுதான். அது கறள் பிடித்துவிட்டால், லோ இழைக்குள் வந்த மின்சாரத்துக்கு நேராகத் திரும்ப வழியில்லை. பக்கத்து ஹை இழைக்குள் ஏறி, ஹை பீம் வயர் வழியாக வலப்பக்க லைற்றுக்குப் போய், அங்கேயுள்ள ஏர்த்தில் இறங்குகிறது. போகிற வழியில் நீல லைற்றையும் கொஞ்சம் எரித்துவிடுகிறது. பல்பை எத்தனை தரம் மாற்றினாலும் இது மாறாது.

அப்படியென்றால் மீற்றர் 12 காட்டியது பொய்யா? பொய்யில்லை, ஆனால் பிளக்கைக் கழற்றிப் பார்த்ததுதான் பிழை. மேல் தாங்கியிலிருந்து வரும் குழாயில் பாசி அடைத்திருந்தாலும், பைப்பைப் பூட்டி வைத்திருக்கும்வரை உள்ளே அழுத்தம் முழுசாகத்தான் இருக்கும். திறந்தால்தான் நூல்போல ஒழுகும். வயரும் அப்படித்தான். ஒரேயொரு செம்பு இழை மிஞ்சியிருந்தாலும் மீற்றர் 12 காட்டும். 55 வாட் பல்ப் நாலரை அம்பியர் இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அரை ஓம் தடை இருந்தாலே இரண்டு வோல்ட் அளவில் அங்கேயே போய்விடும். வோல்ட் பத்து வீதம் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது வீதம் குறையும்.

சரி, நீங்களே பார்க்கலாம். எஞ்சினை ஓடவிட்டு லோ பீமைப் போடுங்கள். பிளக்கைக் கழற்ற வேண்டாம். மீற்றரை டிசி 20 வோல்டில் வையுங்கள். கறுப்பு முனை பற்றறியின் மைனஸில் இருக்கட்டும், சிவப்பு முனையைப் பிளக்கின் பின்பக்கத்தால் ஏர்த் வயரின் தகட்டில் தொடுங்கள். ஜப்பான் கார்களில் அது பெரும்பாலும் கறுப்பு வயர். 0.2 வோல்டுக்குள் வந்தால் ஏர்த் நல்லது. ஒன்று, இரண்டு என்று ஏறினால் கள்ளன் பிடிபட்டான். உறுதிப்படுத்த ஒரு வயர்த்துண்டால் அந்தத் தகட்டையும் பற்றறி மைனஸையும் இணைத்துப் பாருங்கள். லைற் பளிச்சென்று வெளுக்கும், நீல லைற் அணையும். இந்தத் துண்டு பிளஸ் பக்கம் தவறியும் போய்விடக் கூடாது. (வீட்டில் பழைய மொறிஸ் மைனரோ ஒஸ்டினோ வைத்திருப்பவர்கள் கவனம்: அவற்றில் பெரும்பாலும் காரின் தகரத்தோடு இணைந்திருப்பது பிளஸ்.)

இனி அந்தக் கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போங்கள். லைற்றுக்குப் பின்னால் தகரத்தில் ஒரு போல்ட்டில் முடியும், சில கார்களில் பற்றறித் தட்டுக்குக் கீழே. பொன்னாலைப் பாலத்தால் தினமும் போய்வரும் கார் என்றால் அந்த போல்ட் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கடல் காற்று உப்பைக் கொண்டுவந்து அப்பிவிடும். கழற்றி, தகரம் மினுங்கும்வரை சாண்ட் பேப்பரால் தேயுங்கள். வயர் நுனியின் உறையைக் கொஞ்சம் சீவிப் பாருங்கள். செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் சிவந்த செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டுப் புது வளையத் தகடு போடுங்கள். நெடுக உள்ளே கறுத்திருந்தால் பழசோடு மல்லுக்கட்டாமல் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் புதிதாக இழுப்பது மேல். இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் பூசுங்கள், முன்னரல்ல.

ஏர்த் நல்லதென்றே வந்தால் பிளஸ் பக்கம் பாருங்கள். சிவப்பு முனை பற்றறி பிளஸில், கறுப்பு முனை பிளக்கின் லோ பீம் தகட்டில். அரை வோல்டுக்கு மேல் காட்டினால் பியூஸ் பிடி, ரிலே, சுவிச் என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போக வேண்டும்.

100 வாட் பல்ப் வேண்டாம். நாலரை அம்பியரையே திருப்பி அனுப்ப முடியாத வயருக்கு எட்டு அம்பியர் எதற்கு? இடது பிளக்கை ஒருதரம் கழற்றி உள்ளே பாருங்கள். பிளாஸ்டிக் ஏற்கெனவே பழுப்பாகி வளைந்திருந்தால் ஏர்த்தைத் திருத்தும்போதே பிளக்கையும் மாற்றிவிடுங்கள், பீங்கானில் செய்ததும் கடைகளில் கிடைக்கிறது.