மவுனா லோவா 'மலை' என்று எழுதலாமா?

கேள்வி: சிறுவர்களுக்கான ஆங்கில அறிவியல் நூல் ஒன்றைத் தமிழாக்கம் செய்கிறேன். ஹவாய் மொழியில் 'மவுனா' என்றாலே மலை என்று படித்தேன். அப்படியானால் 'மவுனா லோவா மலை' என்று எழுதுவது தவறா? வேலை கொடுத்த ஏஜென்ட், பெயரையே எடுத்துவிட்டு 'நீண்ட மலை' என்று போடச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: பெயரை எடுக்காதீர்கள். முதலில் வரும் இடத்தில் 'மவுனா லோவா எரிமலை' என்று எழுதி, ஹவாய் மொழியில் அதற்கு 'நீண்ட மலை' என்று பொருள் என ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அப்புறம் வெறும் மவுனா லோவாவே போதும்.

'மவுனா லோவா மலை' என்பது 'நடு சென்டர்' என்று சொல்வது போலத்தான். ஆங்கிலத்தில் எவரெஸ்டுக்கு முன்னால் 'மவுண்ட்' போடுவார்கள், மவுனா லோவாவுக்குப் போடுவதில்லை. 'வால்கேனோ' என்று பின்னால் சேர்ப்பதுண்டு, அந்தச் சொல்லில் மலை இல்லாததால் இடிக்காது. நம் 'எரிமலை'யில் மலை ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கட்டும். படிக்கிற பிள்ளைக்கு இது எரிமலை என்று தெரிய வேண்டும், அதற்காக ஒருமுறை எழுதத் தயங்க வேண்டாம்.

உங்கள் ஏஜென்ட் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பதிப்பகத்துக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் நடுவில் நிற்கும் சிலர், 'சொற்பட்டியல்' என்று ஒன்றைக் கையில் கொடுத்து, அதை மீறினால் கூலியில் பிடித்துக்கொள்கிறார்கள். அப்படி எனக்கு வந்த ஒரு பட்டியலில் 'மௌனா' என்பதை 'மௌனம்' என்று எடுத்துக்கொண்டு, மவுனா லோவாவுக்கு 'அமைதி மலை' என்று பொருள் போட்டிருந்தார்கள். 1843 முதல் முப்பது தடவைக்கு மேல் வெடித்த மலை அது. 38 ஆண்டு அடங்கிக் கிடந்துவிட்டு, 2022 நவம்பர் 27 இரவு மறுபடியும் வெடித்தது. தவறு என்று எழுதி அனுப்பினேன். 'பட்டியல்படி போங்கள்' என்று பதில் வந்தது. சொல்லுக்கு இத்தனை காசு என்று கணக்குப் பார்க்கும் இந்த ஏற்பாட்டில், ஒரு பெயரைச் சரிபார்க்க யாரும் கால் மணி நேரம் கூடக் கூலி தருவதில்லை. கடைசியில் அந்தத் தவறு பிள்ளைகளின் நோட்டுக்குப் போய்விடுகிறது. எனக்கு ஆத்திரம் வருவது அதனால்தான்.

இதனால்தான் நான் 'மௌனா' என்று எழுதாமல் 'மவுனா' என்று எழுதுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அகராதியைப் பார்த்துத் தாங்களே பொருள் சொல்பவர்களிடமும் கவனமாக இருங்கள். 'லோவா'வுக்கு 'நீண்ட' என்றும் பொருள் உண்டு, 'மிக' என்றும் பொருள் உண்டு. ஹவாயில் 'மஹாலோ நுயி லோவா' என்றால் 'மிக்க நன்றி'. மலைப் பெயரில் அது நீளத்தைத்தான் குறிக்கிறது. ஹவாய்த் தீவின் தென்முனையிலிருந்து உச்சி வழியாக ஹிலோ நகர்ப் பக்கம் வரை 120 கிலோமீட்டர் படுத்துக் கிடக்கிற மலைக்குப் பொருத்தமான பெயர். ஹவாய் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 'பெயர்ப் பொருள் சரிபார்ப்பு' என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அதே தீவிலுள்ள மவுனா கேயா உங்கள் நூலில் வந்தால் மட்டும் ஒரு வரி விளக்கம் போதாது. 'கேயா' என்றால் வெள்ளை, உச்சியில் பனி படிகிறது, எனவே 'வெள்ளை மலை' என்று ஆங்கில நூல்கள் சொல்லிவிட்டுப் போய்விடும். ஹவாய் மக்களில் பலர் அதை 'மவுனா ஆ வாகேயா' என்பதன் சுருக்கமாகப் பார்க்கிறார்கள். வாகேயா அவர்களுடைய வான்தந்தை. அது அவர்களுக்குப் புனித மலை. அங்கே தொலைநோக்கி கட்டுவதை அவர்கள் எதிர்த்து நிற்பதன் பின்னணியிலும் இந்த உறவு இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதினால் அது ஏதோ ஒரு வெள்ளை மலை என்றாகிவிடும், இடப்பெயர் என்பதால் சேர்த்தே எழுத வேண்டும் என்கிறார்கள் ஹவாய் மொழி அறிஞர்கள். அங்குள்ள வானியல் நிலையங்கள் இப்போது ஆங்கிலத்திலும் சேர்த்தே எழுதுகின்றன. எனவே 'மவுனாகேயா' என்று எழுதி, இரண்டு பொருளையும் தாருங்கள். ஏஜென்ட் ஒன்றை வெட்டச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

அதே தீவிலுள்ள இன்னொரு எரிமலையான கீலவேயாவில் சிக்கல் இல்லை. 'கக்குவது', 'மிகப் பரவுவது' என்று பொருள். ஆங்கிலத்தில் முதல் உயிரெழுத்தின் மேல் ஒரு கோடு போட்டிருந்தால், அது நெடில் என்பதற்கான 'கஹகோ' குறி. அந்தக் கோட்டைப் பல ஆங்கில அச்சகங்கள் விட்டுவிடுகின்றன, அதைப் பார்த்துத்தான் நம்மவர்கள் 'கிலாவியா' என்று எழுதுகிறார்கள். நமக்கு 'கீ' இருக்கிறது, கோடு தேவையில்லை.

கடலடி எரிமலை 'லோஇஹி'யும் உங்கள் நூலில் இருக்கலாம். அதற்கும் 'நீண்ட' என்றுதான் பொருள். பெயர்களை எடுத்துவிட்டுப் பொருளை மட்டும் போட்டால் ஒரே புத்தகத்தில் இரண்டு 'நீண்ட' எரிமலைகள் வந்து நிற்கும். உங்கள் ஏஜென்ட்டிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். 2021-இல் அதற்கு 'கமஎஹுவகனலோவா' என்று அதிகாரப்பூர்வமாகப் பெயர் மாற்றிவிட்டார்கள். கடல் தெய்வம் கனலோவாவின் ஒளிரும் பிள்ளை என்று பொருள். உங்கள் மூலநூல் அதற்கு முந்தையது என்றால் புதுப் பெயரைப் போட்டு, பழையதை அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள்.