வாசகர் கேள்விகள்: அரண்மனையில் ஒரு பட்டாளத்துக்காரர்

விக்டோரியா ராணியின் முன்ஷி (உருது ஆசிரியர்) அப்துல் கரீமைப் பற்றிப் போன இதழில் எழுதியபோது, பிரடெரிக் பான்சன்பி என்ற இளம் அதிகாரியின் பெயர் ஒரே ஒரு வரியில் வந்து போனது. இந்த முறை கேள்விகள் அத்தனையும் அவரைப் பற்றித்தான்.

கே: பிரபு குடும்பத்துப் பிள்ளை ஏன் சம்பளத்துக்கு வேலை பார்க்க வேண்டும்? (மதுரை வாசகர்)

ப: பிரபு குடும்பம்தான், ஆனால் இளைய கிளை. இங்கிலாந்தில் பட்டமும் நிலமும் மூத்த மகனுக்கே போய்ச் சேரும். பான்சன்பியின் தாத்தா, பெஸ்பரோ பிரபுவின் இரண்டாவது மகன். 1815-ல் வாட்டர்லூவில் ஈட்டிக்குத்து வாங்கி, இரவெல்லாம் களத்திலேயே கிடந்து பிழைத்தவர். அப்பா ஹென்றி, 1870 முதல் 1895 வரை ராணியின் அந்தரங்கச் செயலாளர். அம்மா வழியில் பிரதமர் கிரே பிரபுவுக்குக் கொள்ளுப்பேரன். 1867-ல் பிறந்த பிரடெரிக்குக்கு வம்சத்தில் குறைவில்லை, கையிருப்பில்தான் குறைவு. அப்பாவைப் போலவே கிரெனடியர் கார்ட்ஸ் படைப்பிரிவு, அங்கிருந்து அரண்மனை.

கே: ஆக்ராவில் அவர் செய்த தப்புதான் என்ன? (தஞ்சாவூர் வாசகி)

ப: தப்பு ஒன்றும் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார், அவ்வளவே. வைஸ்ராய் எல்ஜினிடம் ஏ.டி.சி.யாக (கூடவே இருக்கும் ராணுவ உதவியாளராக) இருந்த சமயம், முன்ஷியின் அப்பாவைப் பார்த்துவிட்டு வரும்படி ராணி சொல்லியனுப்பினார். அவர் ராணுவத்தின் தலைமை மருத்துவர் என்பது ராணியின் நம்பிக்கை. பான்சன்பி கண்டது ஆக்ரா சிறைச்சாலையில் மருந்து கொடுப்பவரை. திரும்பி வந்து அதைச் சொன்னதும், “நீ வேறு ஆளைப் பார்த்திருக்கிறாய்” என்றாராம் ராணி. அடுத்த ஓராண்டு ராணியின் விருந்து மேசைக்கு அவருக்கு அழைப்பே வரவில்லை.

கே: ‘ஈக்வெரி’ என்றால் எடுபிடியா? (சேலம் வாசகர்)

ப: ஆரம்பத்தில் லாயத்தைக் கவனித்த பதவி. பிறகு, ராணுவ அதிகாரிகள் முறை வைத்து அரசரின் கூடவே இருக்கும் பணியாக மாறியது. பான்சன்பி 1894-ல் ஈக்வெரி. 1897-ல் உதவி அந்தரங்கச் செயலாளர். இந்த இரண்டாவது வேலையில்தான் மண்டை காய்ந்தது. ராணிக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. இன்னும் கறுப்பாக எழுது என்றார். பூட்ஸ் பாலிஷ் மாதிரிக் கெட்டியான மை தருவித்தார் பான்சன்பி. அதை ஒற்றுத்தாளால் ஒற்ற முடியாது, இழுவிவிடும். அதனால் அடியில் ஸ்பிரிட் விளக்கு எரியும் ஒரு செப்புத் தட்டில் வைத்துக் காயவைத்தார். காய்ந்தது சரி, எழுத்து தாளின் மறுபக்கம் தெரிந்தது. தடித்த தாளுக்கு மாறினார். இப்போது கடிதக் கட்டு பெருத்துவிட்டது. ராணி அதற்கும் குறை சொன்னார். பழைய தாளுக்கே திரும்பினால், மறுபடி “கறுப்பாக எழுது!”

கே: ஜெர்மனியிலிருந்து கடிதங்களைக் கடத்தினார் என்பது உண்மையா? (கோவை வாசகர்)

ப: உண்மை. என் கணக்கில் அவர் வாழ்க்கையிலேயே பெரிய காரியம் அதுதான். விக்டோரியாவின் மூத்த மகள், கணவர் பெயரால் பேரரசி பிரடெரிக் என்று அழைக்கப்பட்ட ஜெர்மானியப் பேரரசி. பான்சன்பியின் ஞானத்தாயும் அவரே. 1901 பிப்ரவரியில் புற்றுநோயோடு கிரோன்பெர்க் மாளிகையில் கிடந்தார். அவரைப் பார்க்க வந்த தம்பி, மன்னர் ஏழாம் எட்வர்டுடன் பான்சன்பியும் வந்திருந்தார். பேரரசி அவரைத் தனியாக அழைத்து, தாய்க்குத் தான் எழுதிய கடிதங்களை இங்கிலாந்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். மகன், ஜெர்மானியப் பேரரசர் கைசர் வில்ஹெல்முக்கு மூச்சுக்கூடத் தெரியக் கூடாது.

ஏதோ ஒரு சின்னக் கட்டு வரும் என்று காத்திருந்தார் பான்சன்பி. நள்ளிரவு ஒரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. நாலு ஆட்கள், கறுப்பு எண்ணெய்த்துணி சுற்றிய இரண்டு பெரிய பெட்டிகள்! ஒளித்துவைக்கவும் இடமில்லை. ஒளிக்காமல் இருப்பதே வழி என்று முடிவு கட்டினார். ஒன்றில் ‘பீங்கான், கவனம்’, இன்னொன்றில் ‘புத்தகங்கள், கவனம்’ என்று சீட்டு எழுதி, தன் வீட்டு முகவரியும் போட்டு, சாமான்களோடு வெளியிலேயே வைத்துவிட்டார். கிளம்பும் நாளில் சிப்பாய்கள் பெட்டிகளைத் தூக்கிப் போனபோது கைசர் கூடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்டில் பேரரசி இறந்ததும் மாளிகையைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். வின்ட்சர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறதா என்று ஜெர்மனியிலிருந்து விசாரணையும் வந்தது. இல்லை என்று பதில் போனது. அது பொய்யல்ல, பெட்டிகள் இருந்தது பான்சன்பியின் வீட்டில்!

1928-ல் கடிதங்களை அவரே நூலாக்கினார். பதவி இழந்து ஹாலந்தில் இருந்த கைசர் தடுத்துப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் ஜெர்மன் பதிப்புக்குத் தானே முன்னுரை எழுதிக் கொடுத்தார்.

கே: பிரிவி பர்ஸ் காப்பாளர் என்றும் போட்டிருந்தீர்களே. இங்கே 1971-ல் ஒழித்தோமே, அதுவா? (நாகர்கோவில் வாசகர்)

ப: பெயர் ஒன்று, விஷயம் வேறு. இங்கே ஒழித்தது, சமஸ்தான மன்னர்களுக்கு அரசாங்கம் கொடுத்துவந்த மானியம். அங்கே அது அரசரின் சொந்தச் செலவுக் கணக்கு. லங்காஸ்டர் டச்சி என்ற அரச பரம்பரைச் சொத்தின் நிலங்களிலிருந்து வரும் வருமானம்தான் அதற்கு முக்கிய வரத்து. 1914 முதல் 1935 வரை அந்தக் கணக்கு பான்சன்பியின் பொறுப்பு. வம்சத்தில் மூத்தவருக்கே போகும் பிரபு பட்டம் 1935-ல் அவருக்கும் தனியாகக் கிடைத்தது, சிசன்பி பிரபு என்று. அதே ஆண்டு அக்டோபரில் காலமானார்.