கணினிக் கேள்வி பதில்: முகப்புத்திரைப் பட்டியலுக்குத் தரவு ஊட்டுவது எப்படி?

கேள்வி: உழவர் சந்தை விலைகளை உருட்டிப் பார்க்கும்படியாகக் காட்டும் ஆண்ட்ராய்டு விட்ஜெட் (முகப்புத்திரையில் வைக்கும் சிறு பெட்டி) ஒன்றை எழுதியிருக்கிறேன். செயலியைத் திறந்தால் அன்றைய விலை வருகிறது. முகப்புத்திரையில் மட்டும் பழைய விலையே நிற்கிறது. சில நேரங்களில் எல்லா வரிகளிலும் ‘லோடிங்’ என்று மட்டுமே தெரிகிறது. எங்கே பிழை?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: முகப்புத்திரையில் தெரியும் பட்டியல் உங்கள் செயலிக்குள் இயங்கவில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அதை வரைவது லாஞ்சர் என்னும் வேறொரு செயலி. அந்த லாஞ்சர் தனக்கு ஒவ்வொரு வரி தேவைப்படும்போதும் வரிகளை உருவாக்கித் தரும் உங்கள் நிரல்பகுதியான ரிமோட்வியூஸ்ஃபேக்டரியிடம் (சுருக்கமாக ஃபேக்டரி) ‘இத்தனையாவது வரியைக் கொடு’ என்று கேட்டு வாங்குகிறது. 2011ஆம் ஆண்டு ஆண்ட்ராய்டு 3.0 பதிப்பில் உருளும் விட்ஜெட்டுகள் அறிமுகமானபோது வகுக்கப்பட்ட முறை இது. ஆகவே செயலியின் நினைவகத்தில் இருக்கும் புதிய விலைப்பட்டியலை லாஞ்சர் தானாக அறிந்துகொள்ள வழியில்லை.

பலர் அப்டேட்ஆப்விட்ஜெட் என்ற அழைப்பை மட்டும் மீண்டும் மீண்டும் செய்துவிட்டு, பட்டியல் ஏன் மாறவில்லை என்று திகைக்கிறார்கள். அந்த அழைப்பு விட்ஜெட்டின் வெளிச்சட்டகத்தைத்தான் புதுப்பிக்கிறது. பட்டியலை ஃபேக்டரியோடு இணைக்கும் இன்டென்ட் (கோரிக்கைச் செய்தி) பழையதாகவே இருந்தால் உள்ளிருக்கும் பட்டியலுக்கு முன்பு உருவான ஃபேக்டரியே தொடர்கிறது. தரவு மாறியதைத் தெரிவிக்க நோட்டிஃபைஆப்விட்ஜெட்வியூடேட்டாசேஞ்ச்டு என்ற நீளமான பெயர் கொண்ட அழைப்பைத்தான் செய்ய வேண்டும். அதன் பிறகே ஃபேக்டரியின் ஆன்டேட்டாசெட்சேஞ்ச்டு என்ற செயற்கூறு இயங்கும். அது திரையைக் கவனிக்கும் முதன்மை இழையில் (மெயின் த்ரெட்) ஓடுவதில்லை என்பதால் தரவுத்தளத்தை அங்கேயே நிதானமாகப் படிக்கலாம். படித்து முடியும்வரை பழைய வரிகள் திரையில் இருக்கும்.

ஆனால் இணையத்திலிருந்து விலைகளை இறக்கும் வேலையை அங்கே வைக்காதீர்கள். பின்னணி வேலைகளைக் கவனிக்கும் வொர்க்மேனேஜர் வழியாக இறக்கி, செயலிக்குள்ளேயே இருக்கும் ரூம் தரவுத்தளத்தில் எழுதிவிட்டு, அதன் பின் மேற்சொன்ன அறிவிப்பைக் கொடுப்பதே என் பரிந்துரை. இணைப்பு இல்லாத நேரத்திலும் கடைசியாகக் கிடைத்த விலையாவது முகப்புத்திரையில் நிற்கும். எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்பதைக் குறிக்கும் விட்ஜெட்டின் அப்டேட்பீரியட்மில்லிஸ் 30 நிமிடங்களுக்குக் குறைவாக வேலை செய்யாது. வொர்க்மேனேஜரின் தொடர்வேலைக்கு 15 நிமிடங்கள் கீழ்வரம்பு. சந்தை விலைக்கு இவை தாராளமாகப் போதும்.

‘லோடிங்’ விலகாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் வரிவகைகளின் எண்ணிக்கையைச் சொல்லும் கெட்வியூடைப்கவுன்ட் 0 என்று திருப்பியனுப்புவதே காரணமாக இருக்கும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ தானாக நிரப்பித் தரும் வெற்றுச் சட்டகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஒரே வகை வரியானால் 1 என்று மாற்றுங்கள். அது சரியாக இருந்தால், வரியின் வடிவமைப்பில் ரிமோட்வியூஸ் (லாஞ்சருக்கு அனுப்பப்படும் திரை வடிவம்) ஏற்காத வியூ (திரை உறுப்பு) ஏதும் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். நாமே எழுதிய வியூக்களுக்கும் ரீசைக்ளர்வியூவுக்கும் அங்கே இடமில்லை. செயலியின் விவரக்கோப்பான மேனிஃபெஸ்டில், ஃபேக்டரியை லாஞ்சருக்குத் தரும் சர்வீசுக்கு பைண்ட்_ரிமோட்வியூஸ் அனுமதி குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தரவை உங்களுடைய சொந்த கன்டென்ட் புரொவைடர் (தரவை எடுத்துத் தரும் பகுதி) மூலம் படிப்பவரானால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆன்டேட்டாசெட்சேஞ்ச்டு லாஞ்சரின் அடையாளத்தோடு அழைக்கப்படக்கூடும் என்பதால், வெளியாருக்குத் திறந்துவிடப்படாத புரொவைடர் உங்களையே அந்நியராகக் கருதி அனுமதி மறுத்துவிடும். செயலிகளுக்கிடையே தொடர்பு ஏற்படுத்தும் பைண்டரின் கிளியர்காலிங்ஐடென்டிட்டியை அழைத்துவிட்டுப் படித்து, முடிந்ததும் பழைய அடையாளத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

கேள்வி: ஒரே விட்ஜெட்டை இரண்டு முறை முகப்புத்திரையில் வைத்து, ஒன்றில் வீட்டு வேலைகளையும் மற்றொன்றில் அலுவலக வேலைகளையும் காட்ட முயன்றேன். இரண்டிலும் ஒரே பட்டியல்தான் வருகிறது. மேலும், எந்த வரியைத் தொட்டாலும் எதுவும் நடப்பதில்லை.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இரண்டு இன்டென்ட்டுகள் ஒன்றா வேறா என்று ஒப்பிடும்போது ஆண்ட்ராய்டு அவற்றின் எக்ஸ்ட்ராக்களை (கூடுதலாக இணைத்த விவரங்களை) பார்ப்பதில்லை. விட்ஜெட் எண்ணை எக்ஸ்ட்ராவாக மட்டும் வைத்திருந்தால், இரண்டு விட்ஜெட்டுகளுக்கும் ஒரே ஃபேக்டரியே கிடைக்கும். எண்ணைச் சேர்த்த பின், அந்த இன்டென்ட்டையே யூஆர்ஐ (முகவரி) வடிவத்தில் எழுதி அதன் டேட்டா பகுதியில் செட்டேட்டா கொண்டு பொருத்திவிட்டால் இரண்டும் தனித்தனியாகிவிடும்.

தொடுதலுக்கு ஒவ்வொரு வரியிலும் தனி பென்டிங்இன்டென்ட் (தொட்டதும் நடக்க வேண்டியதை முன்கூட்டியே குறித்து வைக்கும் இன்டென்ட்) வைக்க முடியாது. பட்டியல் முழுமைக்கும் ஒரு மாதிரியை செட்பென்டிங்இன்டென்ட்டெம்ப்ளேட் மூலம் கொடுத்து, வரிக்கு வரி மாறும் விவரத்தை செட்ஆன்கிளிக்ஃபில்இன்இன்டென்ட் மூலம் நிரப்ப வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதல் பென்டிங்இன்டென்ட் மாறக்கூடியதா இல்லையா என்பதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. பாதுகாப்பு கருதி எல்லா இடங்களிலும் மாறாதது என்று எழுதிப் பழகியவர்கள் இங்கேயும் அப்படியே எழுதிவிடுவதால் நிரப்பிய விவரம் போய்ச் சேர்வதில்லை. இந்த ஒரு மாதிரிக்கு ஃபிளாக்_மியூட்டபிள் (மாறக்கூடியது என்னும் குறி) கட்டாயம் தேவை.

கேள்வி: இதற்கெல்லாம் சர்வீஸ் எழுதாமல் எளிய வழி இல்லையா? ஐஃபோனில் எப்படி?
– வாசகர், சென்னை

பதில்: இருக்கிறது. ஆண்ட்ராய்டு 12இல் வந்த ரிமோட்கலெக்‌ஷன்ஐட்டம்ஸ் மூலம் முழுப் பட்டியலையும் ஒரே முறையில் கொடுத்துவிடலாம். ஆண்ட்ராய்டு 15 முதல் பழைய சர்வீஸ் வழி கைவிடப்படும் வழியாகவே அறிவிக்கப்பட்டுள்ளது. எழுத்து மட்டுமே உள்ள இருபது, முப்பது வரிகளுக்கு இந்தப் புதிய வழியைவிடச் சுலபம் எதுவுமில்லை. ஆனால் செயலிகளுக்கிடையே தரவைக் கடத்தும் பைண்டருக்கு ஏறத்தாழ 1 எம்பி அளவே இடம் உண்டு; வரிக்கொரு பிட்மேப் படத்தை வைத்து அனுப்பினால் அந்த இடம் சீக்கிரமே நிரம்பிவிடும் என்பதால், படங்கள் மிகுந்த பட்டியலுக்கு ஃபேக்டரி வழியையே நான் இன்னும் விரும்புகிறேன். காட்லின் மொழியில் எழுதுபவர்கள், விட்ஜெட் எழுத உதவும் நூலகமான ஜெட்பேக் கிளான்ஸில் உள்ள லேசிகாலம் (LazyColumn) என்னும் பட்டியல் உறுப்பையும் பார்க்கலாம். ஐஃபோனைப் பொறுத்தவரை, 2020இல் ஐஓஎஸ் 14உடன் வந்த விட்ஜெட்கிட் என்னும் கருவித்தொகுப்பு உருட்டுவதையே அனுமதிப்பதில்லை. அங்கே திரையில் அடங்கும் சில வரிகளைத் தேர்ந்து கொடுப்பதோடு சரி.