சம்பளம் ஏறியதா இறங்கியதா? கேளுங்கள், சொல்கிறேன்

குழித்துறைப் பக்கம் ஒரு அண்டி ஆபீஸிலும் (முந்திரிக் கொட்டை ஆலை) அப்புறம் நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக் கடையிலும் 26 வருடம் சம்பளப் பட்டியல் போட்டவன் நான்.

மார்த்தாண்டம்: அண்ணே, கணக்கெடுப்புக்குப் போகிறேன். சம்பளம் என்று ஆட்கள் சொல்வதை நம்பலாமா?

தொகையை ஓரளவு நம்பலாம் தங்கச்சி, எவ்வளவு ஏறியது என்பதை நம்பாதே. 14,600 வாங்குகிறவர் "ஒரு பதினைந்து" என்பார். அடுத்த வருடம் 15,300 ஆனாலும் அதே பதினைந்துதான். ஒவ்வொரு தடவையும் பிழை 300, 400 மட்டும். ஆனால் உன் நோட்டில் உயர்வு பூஜ்யம், பட்டியலில் 700. சம்பளச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்து எழுது.

தக்கலை: ஆயிரம் ஏற்றியதாகச் சொன்னார்கள், கைக்கு 873தான் கூடுதலாக வந்தது.

13,000 இருந்தது 14,000 ஆயிற்றா? முழுவதும் அடிப்படையும் பஞ்சப்படியும் என்றால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் 12 சதவீதம், 1,560 இருந்தது 1,680. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) 0.75 சதவீதம், 98 இருந்தது 105. இரண்டும் சேர்ந்து பிடித்தம் 127 கூடியது. கணக்கு சரிதான் மக்கா.

கருங்கல்: பி.எஃப். பணம் எடுப்பது எப்படி?

நாகர்கோவில் பி.எஃப். ஆபீஸில் கேளுங்கள்.

திங்கள்நகர்: ஏறியதை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வேண்டுமென்றே குறைத்துச் சொல்கிறார்கள்.

சிலர் சொல்வார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அண்டி உடைக்கிற ஒரு அக்கா கவரைப் பிரித்து, நோட்டை இரண்டு தடவை எண்ணி, "கூலியைக் குறைச்சிட்டீங்களே தம்பி" என்று கண் கலங்கி நின்றார். பதிவேட்டைத் திறந்தேன். கிலோவுக்குக் கூலி அந்த வாரம்தான் ஏறியிருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவர் நாலு நாள்தான் வந்திருந்தார். அவர் பொய் சொல்லவில்லை, கவரைத்தான் சொன்னார்.

திங்கள்நகர்: ஒரு அக்காவை வைத்து எல்லாரையும் சொல்லலாமா?

எல்லாரையும் பொய்யர் என்று ஆரம்பித்தது நீங்கள்! சரி, கூட்டிச் சொல்கிறவர்களை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? 22,000 வாங்கும் ஒரு தம்பி "அக்டோபரில் 165 ஏத்தினாங்க" என்றான். ஏற்றியது மே மாதம். அப்போதே ஈ.எஸ்.ஐ.க்கான 21,000 வரம்பைத் தாண்டிவிட்டான், ஆனாலும் செப்டம்பர் முடிய ஈ.எஸ்.ஐ. பிடிப்பார்கள், அக்டோபரில்தான் நிற்கும். அந்த 165 பிடித்தம் நின்றதை அவன் உயர்வு என்று நினைத்தான். அதில் அவனுக்கு என்ன லாபம்?

குலசேகரம்: ஏற்றியதாகச் சொன்னதும் கைக்கு வந்ததும் ஒத்துப்போகவில்லையே?

தக்கலைக்காரருக்குச் சொன்னதுதான், மேலே படியுங்கள். சீட்டு இல்லாமல் கேட்காதீர்கள்.

தோவாளை: பூ கட்டுகிறோம், எங்களுக்குச் சீட்டே தருவதில்லை.

வாங்கும் அன்றே தேதி, எத்தனை நாள், எவ்வளவு என்று காலண்டரில் எழுதுங்கள் அக்கா. இரண்டு மாதம் கழித்து அதோடு வாருங்கள், உட்கார்ந்து பார்க்கலாம்.