தாத்தாவின் கிராமபோனை அருங்காட்சியகத்துக்கு இரவல் கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவின் அப்பா 1950-களில் வியாசர்பாடியில் மைக்செட் வாடகைக்கு விட்டவர். அவர் மூர் மார்க்கெட்டில் வாங்கிய கிராமபோன் பெட்டியும் நாற்பது ஐம்பது இசைத்தட்டுகளும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. பெட்டி இன்னும் பாடுகிறது. நகரில் உள்ள ஒரு தனியார் அருங்காட்சியகத்தார் வந்து பார்த்துவிட்டு, “நிரந்தர இரவலாகக் கொடுங்கள், தாத்தா பெயரைப் போட்டு வைக்கிறோம்” என்கிறார்கள். அம்மாவுக்கு மனசில்லை. எனக்கோ 2023 டிசம்பர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததிலிருந்து பயம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். ஆனால் அவர்கள் கேட்கிற விதத்தில் வேண்டாம். திருப்பித் தரும் தேதி இல்லாத இரவலுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். இன்று உங்கள் வீட்டுக்கு வந்து பேசியவர் ஐந்து வருஷத்தில் வேறு வேலைக்குப் போய்விடலாம். நிர்வாகம் மாறலாம், கட்டடமே மாறலாம். உங்கள் பிள்ளைகள் போய்க் கேட்கும்போது அந்தப் பெட்டி யாருடையது என்று அங்கே யாருக்கும் தெரியாமல் போகும். ஓர் ஆண்டு என்று எழுதுங்கள். சரியாகப் பார்த்துக்கொண்டால் அடுத்த ஆண்டுக்கு நீட்டிக்கலாம். ஒரேயடியாகக் கொடுத்துவிடுவது என்று குடும்பமே முடிவெடுத்தால், அதைத் தானமாகவே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அது இரு தரப்புக்கும் தெளிவு.

சட்டம் இதில் ஓரளவு உங்கள் பக்கம்தான். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 148-ஆம் பிரிவிலிருந்து இதைப் பற்றித்தான் பேசுகிறது. பணம் வாங்காமல் இரவல் கொடுத்த பொருளை, தவணை முடியும் முன்பே திருப்பிக் கேட்கலாம் என்கிறது 159-ஆம் பிரிவு. ஆனால் உங்களை நம்பி அவர்கள் செலவு செய்திருந்து, பாதியில் திருப்பிக் கேட்பதால் அவர்களுக்குக் கிடைத்த பலனைவிட நஷ்டம் அதிகம் என்றால், அந்த வித்தியாசத்தை நீங்கள் ஈடுகட்ட வேண்டும். ஆகவே “ஒரு மாத முன்னறிவிப்பில் திரும்பப் பெறலாம், இதற்காக இழப்பீடு கேட்க முடியாது” என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் அம்மாவின் மனக்குறையும் பாதி தீரும்.

அதைவிட முக்கியம் 151, 152-ஆம் பிரிவுகள். சாதாரண விவேகமுள்ள ஒரு மனிதர் தன் சொந்தப் பொருளைக் கவனிக்கும் அளவுக்கு, இரவல் வாங்கியவர் உங்கள் பொருளைக் கவனித்தால் போதும். அப்படிக் கவனித்தும் தீப்பிடித்தோ களவுபோயோ பொருள் போய்விட்டால், தனியாக ஒப்பந்தம் எழுதாதவரை அவர் பொறுப்பில்லை. பெட்டி போனால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது என்று அர்த்தம். எனவே இன்ஷூரன்ஸ் அவர்கள் செலவில் எடுக்கப்பட வேண்டும். பெட்டி உங்கள் வீட்டு மேஜையை விட்டுக் கிளம்பும் நிமிஷத்திலிருந்து திரும்ப அதே மேஜைக்கு வரும்வரை, வழிப்பயணமும் சேர்த்து அது செல்ல வேண்டும். மதிப்பை இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு ரூபாயில் எழுதுங்கள்.

அடுத்தது, பெட்டியைப் பாட வைப்பார்களா என்பது. பார்வையாளர் வந்தால் சாவி கொடுத்துப் பாடவிட்டுக் காட்டத்தான் எந்தக் காட்சிக்கூடத்துக்கும் ஆசை வரும். தினமும் பத்து முறை ஓடினால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும், ஒருநாள் அறுந்தும் போகும். இசைத்தட்டின் கதை இன்னும் மோசம். அந்தக் காலத்து இரும்பு ஊசியை ஒரு பக்கம் பாடியதும் மாற்ற வேண்டும். ஊசி டப்பாவிலேயே அப்படிப் போட்டிருப்பார்கள். தேய்ந்த ஊசி அரக்குத் தட்டின் வரிகளைச் சுரண்டிக்கொண்டே போகும், போன ஒலி திரும்பாது. “எழுத்துமூலம் அனுமதி இல்லாமல் இயக்கக் கூடாது, பழுதுபார்க்கவோ பாலிஷ் போடவோ கூடாது” என்று எழுதுங்கள். நிபந்தனையை மீறிப் பயன்படுத்தி ஏதாவது ஆனால், 154-ஆம் பிரிவின்படி அவர்கள்தான் ஈடு தர வேண்டும். உங்களுக்குத் தெரிந்த பழுது ஏதாவது இருந்தால் அதை அவர்களிடம் சொல்லிவிடுவதும் உங்கள் கடமை.

கொடுப்பதற்கு முன் சுத்தம் செய்கிறேன் என்று இறங்கிவிடாதீர்கள். ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும், தட்டு அங்கேயே பாழ். உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும். ஸ்பிரிங் முறுக்கு முழுதும் இறங்கும்வரை ஓடவிட்டு, ஊசியைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள். அனுப்பும் அன்றே அவர்கள் ஆளை வைத்துக்கொண்டு நாலு பக்கமும், மூடியின் உள்புறமும், எண் பொறித்த தகடும் தெரியப் போட்டோ எடுத்து, எங்கே கீறல், எந்தத் தட்டில் விரிசல் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். திரும்பி வரும்போது தகராறு இல்லாமல் இருக்க இந்தத் தாள்தான் துணை.

அவர்கள் இடத்தை ஒரு வேலை நாளில், சொல்லாமல் போய்ப் பாருங்கள். பகலில் ஏசி போட்டு இரவில் அணைக்கிறார்களா என்று காவலாளியைக் கேட்டாலே தெரிந்துவிடும். மரப்பெட்டிக்கு நம் ஊர் ஈரத்தைவிட, ஈரம் தினமும் ஏறி இறங்குவதுதான் எதிரி. மேல் ஒட்டிய மரத்தகடு பெயர்ந்துவிடும். தட்டுகளின் காகித உறைகளுக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் ஆகாது. நேர் வெயிலோ சூடான விளக்கோ பட்டால் தட்டே வளைந்துபோகும். ஏற்கெனவே வேறு குடும்பத்திடம் இரவல் வாங்கிய ஒரு பொருளின் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் உங்கள் பெட்டிக்கும் அதே கதிதான்.

இன்னொரு விஷயம், எனக்கு மனசுக்கு நெருக்கமானது. கிராமபோன் பெட்டிகள் எத்தனையோ கிடைக்கின்றன. பழசு மாதிரி புதிதாகக் கூட்டிச் செய்த குழாய் வைத்த பெட்டிகளும் சந்தையில் நிறைய. உங்களுடையது அபூர்வம் ஆவது அது எந்தெந்தக் கல்யாணத்தில், எந்தெந்தத் தெருவில் பாடியது என்பதால். உறைகளில் தாத்தா கைப்பட ஏதாவது எழுதியிருக்கிறாரா பாருங்கள்: முகூர்த்தத்துக்கு எந்தத் தட்டு, பெண் அழைப்புக்கு எது, தேர்தல் கூட்டத்துக்கு எது என்று. வாடகைக் கணக்கு நோட்டு இருந்தால் பெட்டியைவிட அதுதான் பெரிசு. 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட் கடையின் ரசீது பெட்டிக்குள் கிடந்தாலும் எடுத்து வையுங்கள். அம்மாவை உட்காரவைத்து நினைவிருப்பதைச் சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். காட்சிக்கு வைக்கும் குறிப்பை அதிலிருந்துதான் எழுத வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் அந்தக் குறிப்பை மாற்றக் கூடாது என்றும் ஒப்பந்தத்தில் போடுங்கள்.

தட்டுகளை மொத்தமாகக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஐந்தாறு போதும். மற்றவற்றை டிஜிட்டலில் பதிவு செய்து ஒரு பிரதி உங்களுக்குத் தரச் சொல்லிக் கேளுங்கள், பாதி அருங்காட்சியகங்கள் சந்தோஷமாகவே செய்யும். பெட்டிக்கு 100 வயது ஆகியிருந்தால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பொருந்தலாம், வெளிநாட்டுக் கண்காட்சி என்று யாராவது பேசினால் அப்போது அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

வெள்ளத்துக்குப் பயந்து கொடுப்பது மட்டும் சரியான காரணமில்லை. இரவல் முடிந்தால் பெட்டி அதே வீட்டுக்குத்தான் வரும். மாடியில் இருக்கும் சொந்தக்காரர் வீடோ, தரையிலிருந்து நாலடி உயரத்தில் ஒரு அலமாரியோ இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல், சாயாமல் நேராக நிறுத்தி வையுங்கள்.

கடைசியாக, தாத்தா உயில் எழுதாமல் போயிருந்தால் பெட்டி அம்மாவுக்கு மட்டும் சொந்தமில்லை. மாமா, பெரியம்மா, சித்தி என்று வாரிசுகள் எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட ஒரு தாளை முதலில் வாங்குங்கள். அதை வைத்துக்கொண்டு, அம்மா பெயரில் இரவல் ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதி, பாரிமுனையில் ஒரு நோட்டரியிடம் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவுக்குப் பிறகு பெட்டியை யாரிடம் திருப்பித் தர வேண்டும் என்ற பெயரும் அதில் இருக்கட்டும்.